ஹட்டனில் இறங்கினோம்

அயல்நாட்டுப் பிரயாணம் போய் வந்தவர்கள், தாங்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்பதை எழுதுவது வழக்கம். நாங்களோ போகாமல் விட்ட ஓர் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஊர் நுவரெலியா. ரயில் டிக்கட் வாங்கியாகிவிட்டது. விடுதியில் இரண்டு அறைகளுக்கு முன்பணம் அனுப்பியாகிவிட்டது. மலைக் குளிருக்கென்று திருச்சிராப்பள்ளியின் அக்கினி நட்சத்திர வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கிக் கம்பளிச் சட்டைகளும் வாங்கியாகிவிட்டன. ஆயினும் நாங்கள் நுவரெலியாவைப் பார்க்கவில்லை. நானுஓயா ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர்கள், அதற்கு வெகு தூரம் முன்னதாகவே, ஹட்டன் என்னும் ஊரில் இறங்கிவிட்டோம்.

ஏன் இறங்கினோம் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம். ஊர் பார்க்கும் ஆசை இல்லாதவர்களும் சற்றுப் பொறுமையுடன் படித்து வரவேண்டும்.

2024-ஆம் வருஷம் மே மாதம். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர்: கணவன் மனைவியாகிய நாங்கள் இருவர், ஐந்தாம் வகுப்புத் தேறிய பெண், இரண்டு வயதுப் பையன், இவர்களுக்கெல்லாம் தலைவியாகிய பாட்டியம்மாள். பையனுக்குச் சாஸ்திரோக்தமாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பிறந்த நாளிலிருந்து அவன் வீட்டில் நடத்திவரும் அதிகாரத்தை முன்னிட்டு, 'துரை' என்றே எல்லோரும் அழைத்து வருகிறோம்.

எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். சர்வகலாசாலையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவர். இருபது வருஷ காலமாகப் பிள்ளைகளுக்குச் சயன்ஸ் போதித்து வருகிறவர். இந்தக் கட்டுரையில் அவருக்கு அவ்வளவு கௌரவமான பாகம் இல்லை. ஆகையால் அவரை 'வாத்தியார்' என்று மட்டும் குறிப்பிட்டு, அவர் செய்த காரியங்களுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்றுக் கொள்கிறோம்.

திருச்சியில் ஆகாய விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறங்கினோம். ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்குப் போகும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "இதற்கா வெளிநாடு என்று பெயர்?" என்று பாட்டியம்மாள் ஏமாற்றத்துடன் கேட்டாள். கொழும்பிலிருந்து கண்டி. அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்த சமயம் வெசாக் பண்டிகை. புத்த பகவான் பிறந்ததும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததும் அந்தப் பௌர்ணமி நாளிலேதான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. வீட்டு வாசல்தோறும் மூங்கில் சிலாகையும் வர்ணக் காகிதமும் கொண்டு செய்த வெசாக் கூடுகள் ஒளிவிட்டன. தலதா மாளிகையின் எதிரேயுள்ள ஏரியில் அவற்றின் பிம்பங்கள் ஆடின. துரை அத்தனை விளக்குகளும் தனக்காகவே ஏற்றப்பட்டவை என்ற பாவனையில், தகப்பனாரின் தோள்மேல் அமர்ந்து ஊர்வலம் வந்தான்.

அன்றிரவு அவனுக்கு மூக்கு ஒழுகிற்று. காலையில் அவனைத் தூக்கிய தாயார், "உடம்பு லேசாகச் சுடுகிறாற்போல் இருக்கிறதே" என்றாள். "நேற்றெல்லாம் அலைந்த அலைச்சல், மலைக்காற்றுப் பட்டால் சரியாகப் போய்விடும்" என்றார் வாத்தியார். எங்களுடைய பெட்டிகளில் காப்பிப் பொடி இருந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது, மூன்று குடைகள் இருந்தன. தர்மாமீட்டர் இல்லை. ஆகவே வாத்தியாரின் அபிப்பிராயத்தை மறுத்துரைக்கக் கூடிய சாட்சி எதுவும் அங்கே இல்லாமல் போயிற்று.

கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் மலை ரயிலைப் பற்றி உலகமெல்லாம் புகழ்ந்து பேசுகிறார்கள். அந்தப் புகழில் பொய் ஒன்றும் இல்லை. பேராதனையில் மகாவலி ஆற்றைத் தரிசித்து, கம்பளையைக் கடந்து, நாவலப்பிட்டியை விட்டதும் வண்டி மலையேறத் தொடங்குகிறது. அது ஏறுவதைப் பார்த்தால் மூச்சு வாங்கும் கிழவர் ஒருவர் திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் நின்று நின்று ஏறுவது போலிருக்கும். ஒரு பக்கம் கைநீட்டினால் தொடக்கூடிய பாறையும் பெரணிச் செடியும். மறுபக்கம் பார்வை போய் விழுகிற பள்ளத்தாக்கு. திடீரென்று மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டிக்கட் இல்லாத பிரயாணியைப்போல் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த வளைவில் இறங்கிப் போய்விடுகிறது. வட்டவளைப் பிரதேசம் இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. அங்கே பசுமை என்பது ஒரு நிறமல்ல, பல நிறங்கள் என்று தோன்றும்.

பண்டிகைக்கு மறுநாளானபடியால் வண்டியில் நெருக்கடி அதிகம். எங்களுக்கு எதிர்ப் பலகையில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெளுத்த நூல் புடவை, மடியில் ஒரு துணிப்பை, நெற்றியில் விபூதி. பக்கத்தில் காலேஜ் மாணவர்களைப் போன்ற இரண்டு சிங்கள வாலிபர்கள்.

தேயிலைச் செடிகளைக் கண்டதும் வாத்தியாருக்குப் பாடம் சொல்லும் உற்சாகம் வந்துவிட்டது. பெண்ணுக்கு என்று ஆரம்பித்து, வண்டி முழுவதற்கும் கேட்கும் குரலில் பிரசங்கம் செய்யலானார். 1867-ஆம் வருஷத்தில்தான் ரயில் கண்டிக்கு வந்தது; ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிட்டதும் அதே வருஷந்தான். அதற்கு முன் இந்த மலைகளிலெல்லாம் காப்பி. 1869-இல் காப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டு, அந்தப் பயிரையே பூண்டோடு அழித்துவிட்டது. பிறகு காப்பி இருந்த இடமெல்லாம் தேயிலை ஆயிற்று. கடைசிக் கோடியிலுள்ள பதுளைக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1924-இல். காடு வெட்டியதும், பாதை போட்டதும், கொழுந்து பறித்ததும், 1820-களிலிருந்து தமிழ் ஜில்லாக்களிலிருந்து கூட்டங் கூட்டமாகக் கொண்டுவரப்பட்ட நம் ஜனங்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்தார்கள். பசியாலும் பேதியாலும் வழியில் மாண்டவர்கள் ஏராளம். அப்படி ஒரு நாட்டையே செல்வமாக்கியவர்களின் சந்ததியார், 1948-ஆம் வருஷச் சட்டத்தினால் குடியுரிமை இழந்து நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, லட்சக்கணக்கானோர் கப்பலேறி இந்தியா வந்தார்கள். எஞ்சியவர்களின் குறை 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் தீர்ந்தது.

சொன்னவை அனைத்தும் உண்மையே. ஆண்டுகளில்கூடப் பிசகு இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், தன் பாட்டன் முப்பாட்டன் கதையை ஓர் அந்நியர் வாயால் கேட்டுக்கொண்டு, மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய கண் வாத்தியாரின் மேல் இல்லை. தாயார் மடியில் துவண்டு கிடந்த துரையின் மேலேயே இருந்தது. "பிள்ளைக்குக் காய்ச்சலா தங்கச்சி?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குத் தாயார் பதில் சொல்லுமுன், வாத்தியார் குடியுரிமைச் சட்டத்தின் அடுத்த ஷரத்துக்குப் போய்விட்டார்.

வண்டி வட்டவளையைத் தாண்டியது. ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. வெளிச்சம் வந்தபோது துரையின் கண்கள் மேலே செருகியிருந்தன.

முதலில் அவன் உடம்பு கட்டையைப்போல் விறைத்தது. பிறகு கைகளும் கால்களும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தன. உதடுகள் நீலம் பாரித்தன. வாயோரத்தில் நுரை தள்ளிற்று. "துரை! துரை!" என்று தாயார் போட்ட கூச்சலில் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குழந்தைக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

அடுத்த அரை நிமிஷத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பாட்டியம்மாள் இடுப்பிலிருந்த ஸ்ரீரங்கத்து வீட்டுச் சாவிக்கொத்தை உருவி, "இரும்பு! கையிலே இரும்பைக் கொடுங்கள்!" என்று குழந்தையின் உள்ளங்கையில் திணித்தாள். தாயார் அவனை மார்போடு இறுக்கி, ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தாள். இருபது வருஷம் சயன்ஸ் போதித்த வாத்தியாரோ, நாக்கைக் கடித்துக்கொள்வானே என்ற பயத்தில், கூஜாவோடு இருந்த எவர்சில்வர்க் கரண்டியை எடுத்து, இறுகிக் கிடந்த பற்களின் நடுவே நுழைக்க முயன்றார்.

அப்போது அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கை. பிடி உடும்புப் பிடியாக இருந்தது.

"வாயிலே ஒண்ணும் வைக்காதீங்க ஐயா. சாவியும் வேணாம். பிள்ளையை இப்படிக் குடுங்க."

கொடுத்தோமா, அவளே வாங்கிக்கொண்டாளா என்பது எங்களுக்கு இப்போது ஞாபகம் இல்லை. அந்த அம்மாள் பலகையில் தன் துணிப்பையை விரித்து, குழந்தையை இடது பக்கமாக ஒருச்சாய்த்துக் கிடத்தினாள். வாயிலிருந்த எச்சிலும் நுரையும் தானாக வெளியே வழிந்தன. கழுத்துப் பொத்தானை அவிழ்த்தாள். தாயார் போட்டுவிட்டிருந்த இரண்டு கம்பளிச் சட்டைகளையும் தளர்த்தினாள். இழுக்கிற கையையோ காலையோ அமுக்கவில்லை. பலகையில் தலை மோதாதபடி தன் உள்ளங்கையை மாத்திரம் கீழே அணைகொடுத்தாள். பிறகு எங்கள் பெண்ணைப் பார்த்து, "பாப்பா, கையிலே கடியாரம் கட்டியிருக்கியே, எத்தனை நிமிஷம்னு பார்த்துச் சொல்லு" என்றாள்.

அழுதுகொண்டிருந்த பெண், ஒரு வேலை கிடைத்ததும் அழுகையை நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் ஆச்சு... ஒன்றரை... இரண்டு..." அவள் குரலைத் தவிர அந்தப் பெட்டியில் வேறு சத்தம் இல்லை. இரண்டரை நிமிஷம் ஆனபோது இழுப்பு தளர்ந்தது. மூன்றாவது நிமிஷத்துக்குள் அடியோடு நின்றது. துரை ஒரு பெருமூச்சு விட்டான். உதட்டில் சிவப்பு திரும்பியது. ஆனால் கண் திறக்கவில்லை. கட்டையாய்ப் போட்ட மாதிரி தூங்கினான்.

"நின்னுருச்சு. இனி தூங்குவான். எழுப்பாதீங்க, தண்ணி, மருந்து ஒண்ணும் இப்ப வாயிலே ஊத்தாதீங்க. முதல் தடவையா? அப்ப ஆஸ்பத்திரியிலே காட்டியே ஆகணும். ஹட்டன்லே இறங்கிருவோம்" என்றாள் அந்த அம்மாள். 'இறங்கிருவோம்' என்று அவள் சொன்னது அப்போது எங்கள் காதில் விழவில்லை.

இதற்குள் சிங்கள வாலிபர்களில் ஒருவர் கார்டைத் தேடி ஓடிவிட்டார். மற்றவர் தம் செல்போனில் 1990 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். 'சுவ செரிய' என்று அதற்குப் பெயர். இலங்கை முழுவதற்கும் பொதுவான இலவச ஆம்புலன்ஸ். 2016-ஆம் வருஷத்தில் நமது இந்திய அரசாங்கத்தின் நன்கொடையைக் கொண்டு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு எல்லா மாகாணங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. ஏதோ ஒரு வருஷத்தின் பட்ஜெட்டில் நாம் கட்டிய வரியில் ஒரு சல்லிக்காசு அந்த வண்டியில் போய்ச் சேர்ந்திருக்கக் கூடும். கொடுத்தது என்னவோ நம் நாடுதான். ஆனால் அன்றைக்கு எங்கள் பொருட்டு அதை அழைத்தவர், எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாத ஒரு சிங்களப் பிள்ளை.

ஹட்டன் ஸ்டேஷன் கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோர் இறங்கும் இடம் அது. பிளாட்பாரத்தில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் சாமான்களை யார் யாரோ இறக்கினார்கள். ஒரு குடைகூடக் குறையவில்லை. வண்டி நகர்ந்து மறைந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் அதிலிருந்த உதவியாளர் குழந்தையின் விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்; அக்குளில் சூடு பார்த்தார். 103 டிகிரி. வண்டியில் தாயாரும் துரையும் ஏறினார்கள். பின்னால் ஓர் ஆட்டோவில் நாங்கள் ஏறியபோது, அந்த அம்மாளும் எங்களுடன் ஏறி, பாட்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரி. இலங்கையில் 1951-ஆம் வருஷத்தில் கட்டணங்களை எடுத்துவிட்டதிலிருந்து அரசாங்க வைத்தியம் இலவசமாகவே நடந்து வருகிறது. 2022-ஆம் வருஷத்தில் அந்நியச் செலாவணி வற்றி, மருந்துக்கும் பெட்ரோலுக்கும் அந்த நாடு பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் படித்திருந்த எங்களுக்கு, உள்ளே நுழையும்போது மனம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் டாக்டர் வருவதற்குப் பத்து நிமிஷங்கூட ஆகவில்லை. இளம் வயதுச் சிங்களப் பெண்மணி. முதலில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். கழுத்து விறைத்திருக்கிறதா என்று மெள்ள வளைத்துப் பார்த்தார். மேனியில் எங்காவது தடிப்போ செம்புள்ளியோ உண்டா என்று தேடினார். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் சோதித்தார். தொண்டை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. டெங்கு நடமாடும் நாடானதால் அதற்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்துத் துரை கண் விழித்து, சுற்றுமுற்றும் பார்த்து, தன்னைச் சோதித்துக்கொண்டிருந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்க முயன்றபோது, டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு அவர் விளக்கினார். எங்களுக்கு ஆங்கிலத்தில், நர்ஸுக்குச் சிங்களத்தில், நர்ஸ் அதைப் பாட்டியம்மாளுக்கு மலைநாட்டுத் தமிழில். மூன்று பாஷைகளிலும் வந்த சாராம்சம் இது:

இதற்கு ஜுர வலிப்பு என்று பெயர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பிஞ்சு மூளை, ஜுரம் ஏறும் சமயத்தில் இப்படி ஓர் ஆட்டம் ஆடிவிடுகிறது. பார்ப்பதற்கு உயிர் போகிறாற் போலிருக்கும். பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானாகவே நின்றுவிடும். இப்படிச் சிறிது நேரமே வந்து போகும் வலிப்பினால் மூளைக்கோ புத்திக்கோ ஊறு நேர்வதில்லை. இது காக்காய் வலிப்பு அல்ல. பின்னால் அப்படி மாறுவதும் மிகச் சிலருக்கே. ஆனால் மூவரில் ஒரு குழந்தைக்கு இன்னொரு ஜுரத்தின்போது மறுபடியும் வரக்கூடும். வந்தால் குழந்தையை ஒருச்சாய்த்துக் கிடத்தி, உடையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஆகையால் வாயில் விரலோ, கரண்டியோ, துணியோ, நீரோ கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலும், நின்ற பிறகும் தெளிவு வராமலிருந்தாலும், கழுத்து விறைத்தாலும், மூச்சு திணறினாலும் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். முதல் தடவை வந்தால், சீக்கிரம் நின்றுவிட்டாலும் டாக்டர் பார்த்தே தீரவேண்டும். ஜுரத்துக்குக் காரணம் மூளைக்காய்ச்சல் அல்ல என்று நிச்சயம் செய்துகொள்ளத்தான்.

வாத்தியார் தலையைக் குனிந்தபடி, "காலையிலேயே உடம்பு சுட்டது. நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன். ஜுர மருந்து கொடுத்திருந்தால் இது வந்திராதல்லவா?" என்று கேட்டார். டாக்டர் தலையை அசைத்தார். ஜுர மருந்து குழந்தையின் அவஸ்தையைக் குறைக்குமே ஒழிய, வலிப்பைத் தடுப்பதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை என்றும், பெற்றோர் அதற்காகத் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னார். பிறகு, "குழந்தையை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்தது யார்?" என்று கேட்டார். நாங்கள் வராந்தாவைக் காட்டினோம்.

அந்த அம்மாள் அங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. "உங்கள் ஊர் ஹட்டனா, அம்மா?" என்று கேட்டோம். இல்லையாம், தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டமாம். கண்டியில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாளாம். தன் வண்டியை விட்டுவிட்டு எங்களோடு இறங்கியிருக்கிறாள்!

"அதுக்கென்னங்க, பஸ்ஸு இருக்கு" என்றாள்.

இந்த வித்தையை எங்கே கற்றுக்கொண்டாள் என்று விசாரித்தோம். இளம் வயதில் கொழுந்து பறித்தவள். பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தாய்மார்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது, கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். ஒரே சமயத்தில் இருபது முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நானும் ஆரம்பத்துல ஐயா மாதிரி கரண்டியை விட்டவதான். ஒரு பிள்ளைக்கு முன்பல்லு உடஞ்சு, ரத்தம் தொண்டைக்குள்ள போயி, பெரிய கலவரமாப் போச்சு. பிழைச்சுக்கிச்சு. அப்புறம் மருத்துவமாது வந்து, இப்படிச் செய்யாதே, இப்படிச் செய்யுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வந்திருச்சு. ஒண்ணுக்கும் சேதம் இல்லை."

தான் செய்த பிழையை அவள் சொன்ன விதத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அடுத்தவருக்கு உபயோகப்படும் என்று மட்டுமே சொன்னாள். வகுப்பறையில் நாங்கள் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறோம். எங்கள் பிழையைச் சொல்லி ஒரு பாடம் நடத்தியதாக நினைவில்லை.

புறப்படும் முன் அவள் உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தாள். "இவன் பேரென்ன, தங்கச்சி? ரயில்லே துரை, துரைன்னு கத்துனீங்களே!" வீட்டுப் பெயர் அதுதான் என்றோம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தேயிலைத் தோட்டங்களில் துரை என்றால் தோட்டத்தை நிர்வகிக்கும் அதிகாரி. "எத்தனையோ துரைமாரைக் கண்டிருக்கேன். எல்லாருக்கும் எட்ட நின்னு சலாம் போட்டிருக்கேன். என் கையிலே தலை வச்சுப் படுத்த துரை இவரு ஒருத்தருதான்!" என்றாள்.

வாத்தியார் பணப்பையைத் திறந்தார். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிற்று. பாட்டியம்மாள் சட்டென்று பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தி, "சகோதரி கொடுத்தது என்று வைத்துக்கொள்" என்றாள். அதை அவள் வாங்கிக்கொண்டாள். சாரல் மழையில் பஸ் நிலையத்தை நோக்கி நடந்து போனாள்.

அன்றிரவு குழந்தையை வார்டில் வைத்துக்கொண்டார்கள். தாயார் உள்ளே இருக்க, மற்றவர்கள் வெளித் தாழ்வாரத்தில் கழித்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஊர் வாலிபர்கள் பந்தல் போட்டு, வெசாக்கை முன்னிட்டுத் 'தன்சல்' நடத்தினார்கள். போவோர் வருவோர்க்கெல்லாம் அன்னமோ பானமோ இலவசமாகக் கொடுக்கும் தர்மத்துக்கு அந்தப் பெயர். பால் இல்லாத, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் எங்களுக்கும் வந்தது. அந்த மலையில் பறித்து, அந்த மலையிலேயே வறுத்த தேயிலை. காலை முழுவதும் நாங்கள் அதன் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம்; ருசி அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் டெங்கு இல்லை என்று தகவல் வந்தது. அதற்கும் மறுநாள் ஜுரம் இறங்கியது. நுவரெலியாவை விட்டுவிட்டு நேரே கொழும்பு வந்து ஊர் திரும்பினோம். கம்பளிச் சட்டைகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

இனி, பிற்பாடு நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

டாக்டர் எச்சரித்தபடியே, அடுத்த ஐப்பசி மழையில் ஜுரம் கண்டு, துரைக்கு ஒரு நள்ளிரவில் மறுபடியும் வலிப்பு வந்தது. அப்போது பக்கத்தில் இருந்தவள் பாட்டியம்மாள் ஒருத்திதான். எங்களை எழுப்பிய அவளுடைய குரலில் கலவரம் இல்லை. நாங்கள் ஓடி வந்து பார்த்தபோது, பேரன் ஒருச்சாய்த்துக் கிடந்தான். அவள் உள்ளங்கை அவன் தலைக்கு அணையாக இருந்தது. கண் சுவர்க் கடிகாரத்தின் மேல் இருந்தது. சாவிக்கொத்து இடுப்பிலேயே இருந்தது. இரண்டு நிமிஷத்தில் நின்றது. காலையில் டாக்டரிடம் காட்டினோம். தொண்டைப் புண்தான், பயமில்லை என்றார்.

மற்றொன்று துக்ககரமானது. 2025-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் 'தித்வா' என்னும் புயல் இலங்கையைத் தாக்கியது. மலைநாட்டில் சரிவுகள் இடிந்து விழுந்து வீடுகளை மூடின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நாங்கள் போன அந்த ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பெண், "அந்த ஆயாவின் பெயர் என்ன, அப்பா?" என்று கேட்டாள்.

எங்களுக்குத் தெரியாது. கண்டிக்கு ரயில் வந்த வருஷம் தெரியும். காப்பிச் செடி அழிந்த காரணம் தெரியும். குடியுரிமைச் சட்டத்தின் ஷரத்துகள் தெரியும். எங்கள் குழந்தையைக் காப்பாற்றியவளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆகையால் நேயர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். உங்களில் யாரேனும் என்றைக்காவது தலவாக்கலைப் பக்கம் போக நேர்ந்தால், பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த ஒரு முதிய அம்மாளைப் பற்றி விசாரியுங்கள். அடையாளம், நெற்றியில் விபூதி. குளிர் நாளானால் தோளில் கரும்பச்சை நிறத்தில், அரக்குக் கரை போட்ட ஒரு கம்பளிச் சால்வை இருக்கலாம். அவளைக் கண்டால், ரயிலில் அவள் கையில் தலை வைத்துப் படுத்த துரைக்கு இப்போது நான்காவது வயது நடக்கிறது என்றும், சௌக்கியமாக இருக்கிறான் என்றும், வீட்டில் அதிகாரம் சற்றும் குறையவில்லை என்றும் சொல்லுங்கள். அப்படியே, அவள் பெயரைக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள்.